மார்ஜரி டீச்சர் வர்றாங்க

மாத்தளையில் பிள்ளை பெறத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வளர்க்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது மார்ஜரியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் பாதியை அவள் எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்த காலத்திலேயே எழுதிவிட்டாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து போடுவார்கள், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மீதிப் பாதி, அந்த வேலையை விட்டு டவுனுக்கு வந்து, பெண்கள் சங்கம் ஒன்றின் சார்பில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோருக்குப் புத்தி சொல்லத் தொடங்கியபின் எழுதியது.

அந்த வேலைக்குச் சங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. மார்ஜரி அதை வாயால் சொல்லமாட்டாள். "திங்க மாட்டேங்குது, அடிக்குது, கத்துது, போனைக் குடுக்க மாட்டேங்குது. இதுக்குத்தான் கூப்பிடுறாங்க" என்பாள். போய்ப் பார்த்தால் நோய் பிள்ளைக்கு இருக்காது, பெற்றவர்களுக்குத்தான் இருக்கும். சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி, கறுவாப் பட்டையை ஒடித்து மோந்து பார்த்து வாங்குகிற மனிதர்கள் இவர்கள். பெற்ற பிள்ளையை மட்டும், முகம் தெரியாத எவனோ போனுக்குள் இருந்து குதித்துக் கூத்தாடி வளர்த்துத் தரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு பிள்ளை ஆடும்போது, "இது யாரைப் போல வந்திருக்கோ தெரியல" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

கொங்காவெலயில் துணிக்கடைக்காரர் பஸ்லியின் வீட்டைச் சொன்னால் போதும், மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டாம். பஸ்லி கடையில் புலி. சேல்ஸ் பையன்கள் அவர் செருமினாலே மடிப்புக் கலையாமல் நிற்பார்கள். வீட்டில் அவருடைய ஐந்து வயது மகன் ஷிஹாம் டீவி ரிமோட்டால் உம்மாவின் மண்டையில் போடுவான், இவர் சோபாவில் இருந்தபடியே, "மகன், உம்மாக்கு நோவும்தானே" என்று கெஞ்சுவார். உம்மா ஷஸ்னா மண்டையைத் தடவிக்கொண்டு, அடித்ததற்குப் பரிசு போலப் போனை எடுத்து அவன் கையில் கொடுப்பாள். மார்ஜரி முதல் நாள் போய் உட்கார்ந்தபோது இந்தக் கூத்து முழுவதையும் பார்த்தாள். கையில் தேத்தண்ணீர் ஆறிப் போனது.

சோற்று நேரம் இன்னும் மோசம். ஷஸ்னா கோப்பையும் கையுமாக மகனின் பின்னால் வீடு முழுக்க ஓடுவாள். ஒரு வாய்க்குப் போலீஸைக் கூப்பிடுவாள். அடுத்த வாய்க்கு ஊசி போடுகிற டொக்டரைக் கூப்பிடுவாள். அதற்கும் மசியாவிட்டால், பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிற, பழைய போத்தல் வாங்குகிற போத்தல்காரன் கேட்டடியில் நிற்பான். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபிறகு முற்றத்தில் கால் வைத்தால் ஜின். ஒரு கோப்பைச் சோறு இறங்குவதற்குள் நாட்டில் உள்ள உத்தியோகத்தர்கள் பாதிப் பேரும், கண்ணுக்குத் தெரியாதவர்களில் சிலரும் அந்த வீட்டுக்கு வந்து போய்விடுவார்கள். ஷிஹாம் ஒருவருக்கும் பயப்படவில்லை. ஒருவரும் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"போலீஸ் வரும்னு சொன்னீங்க, வந்துச்சா?" என்று மார்ஜரி ஷஸ்னாவைக் கேட்டாள். "வரல. அப்ப ஒங்க பேச்சுக்கு என்னா மதிப்பு? வராததைச் சொல்லிப் புள்ளையப் பயமுறுத்தாதீங்க. ஒண்ணு சொன்னா அது நடக்கணும். நடக்காததைச் சொல்ற வாயை எந்தப் புள்ளையும் நம்பாது."

"அது மெய்தான் டீச்சர்" என்றாள் ஷஸ்னா, ஏதோ புதிய மாதிரி உடுப்பைப் பார்ப்பவள் போல.

அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, தப்புச் செய்தால் ஒரு ஸ்டூலில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும், கேட்டபடி நடந்தால் வாய் நிறையப் பாராட்ட வேண்டும். இவையெல்லாம் சங்கம் சொல்லிக்கொடுத்தவை. மார்ஜரி அப்படியே சொன்னாள். பாராட்டுகிற பகுதியை மட்டும் சற்று வேகமாகச் சொல்லி முடித்தாள், அவளுக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. எழுந்து குடையை எடுக்கும்போது, சங்கம் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தன் கைச்சரக்காகச் சேர்த்தாள்.

"வியாழக்கிழமை நான் வருவேன்னு மகன்கிட்ட சொல்லி வைங்க. வந்து பார்ப்பேன்."

எல்லா வீட்டிலும் வாசலில் நின்று இதைச் சொல்லுவாள். சொன்னபடி வரவும் செய்வாள். மழை, பஸ் ஸ்ட்ரைக், காய்ச்சல் எதுவும் அவளைத் தடுத்ததில்லை. சொன்னால் நடக்க வேண்டும் என்பது அவளுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த வியாழக்கிழமை ஷிஹாம் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருந்தான். சோறு அவன் வாய்க்குள் தானாகப் போய்க்கொண்டிருந்தது. கண் மட்டும் மார்ஜரியின் மேலேயே இருந்தது. மற்ற வீடுகளிலும் இதே கதை. தெருமுனையில் அவளுடைய கறுப்புக் குடை தெரிந்தால் போதும், வரிசையாக வீடுகளில் சத்தம் அடங்கும். போன்கள் தலையணைக்கு அடியில் போகும். அழுகை பாதியில் விழுங்கப்படும். சங்கத்துப் பெண்கள் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், பல்லேகமவுக்கு அனுப்பி அங்குள்ளவர்களுக்கும் பாடம் எடுக்கச் சொன்னார்கள். மார்ஜரி அந்த அமைதியைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டாள். கொங்காவெலத் தெருவில் திரும்பியதும் நடையைச் சற்றுத் தளர்த்தி, வீடு வீடாகச் சத்தம் அடங்குவதைக் கேட்டுக்கொண்டே போவாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் தங்கை ரொஷானி குவைத்துக்குப் போவதற்கு விசா வந்துவிட்டதென்று போன் பண்ணினாள்.

ரொஷானி தங்கைதான் என்றாலும் வளர்த்தது மார்ஜரி. அம்மா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா தோட்டத்துச் சாராயக் கடைக்குப் பிள்ளையானார். கடைசித் தங்கை ரொஷானியையும் நடுவில் பிறந்த தம்பி நோபர்ட்டையும் மார்ஜரிதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பினாள். அந்த வேலையில் அவளுடைய கல்யாண வயது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இதை அவள் தியாகம் என்று சொன்னதில்லை, மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை. அப்படி வளர்த்த ரொஷானி ஒரு லொறிக்காரனோடு போய் எல்கடுவத் தோட்டத்து லயத்து அறையில் குடியிருந்தாள். மார்ஜரி வருடக்கணக்காக அவளோடு பேசவில்லை. லொறிக்காரன் கொழும்புக்கு ஓட்டம் போனவன், கொழும்பிலேயே இன்னொரு வீட்டில் நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவில் மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் ரொஷானியின் மகள் டெனிஷா தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பாள். அடக்கமான பிள்ளை என்று மார்ஜரி நினைத்துக்கொள்வாள்.

"ரெண்டு வருஷம்க்கா. டெனிஷாவ யாருகிட்ட விடுறதுன்னுதான் தெரியல" என்றாள் ரொஷானி போனில்.

"யாருகிட்டன்னா? நான் செத்தா போயிட்டேன்?"

"இல்லக்கா. நோபர்ட் அண்ணனும் கேக்குறாரு. அங்க புள்ளைக இருக்கே, வெளையாட..."

நோபர்ட்டின் பெயரைக் கேட்டதும் மார்ஜரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவளுடைய தீர்ப்பில் மாத்தளை மாவட்டத்திலேயே கடைசி இடம் அவள் தம்பிக்குத்தான். வஹகோட்டைச் சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். அவனுடைய மூன்று பிள்ளைகளும், திருத்த வந்த போன்களைத் திருப்பிக் கொடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலைச் சாப்பாடு பிஸ்கட், பகல் சாப்பாடு நூடில்ஸ், தூக்கம் விழுந்த இடத்தில். அது வீடே இல்லை, கோழிக்கூடு என்பாள் மார்ஜரி. பிறகு திருத்திக்கொள்வாள். கோழிகளாவது பொழுது பட்டால் அடையும்.

"அந்தக் கூத்துக் கொட்டகையில என் தங்கச்சி புள்ளைய விட மாட்டேன்" என்றாள். "நீ கூட்டிட்டு வா."

உண்மை என்னவென்றால், அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். இவ்வளவு காலமும் ஊரார் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள், மூக்குத் துடைத்திருக்கிறாள், மடியில் தூங்க வைத்திருக்கிறாள். மாலையானதும் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பிள்ளையையாவது திருப்பிக் கொடுக்காமல், இருட்டியபிறகும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், காலையில் எழும்பும்போது அது அங்கேயே இருக்க வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மற்ற பெண்களைப் போல ஆகிவிடுவாளே.

சின்னக் கட்டில் ஒன்று வாங்கினாள். கட்டிலுக்கு மேலே கட்ட, வண்ணத்துப்பூச்சி போட்ட நுளம்புவலை வாங்கினாள், கடையில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு. கோயிலடி நேர்சரியில் சிஸ்டரைப் பிடித்து ஓர் இடம் பேசி வைத்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ஸ்டூல் அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது, அதைத் துடைத்துக் குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் வைத்தாள்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கொழும்பில் ஒரு பயிற்சி இருந்தது. அதற்குப் போகிற வழியில் ரொஷானி மகளைக் கொண்டுவந்து விட்டாள். "ஒரு கெழமை இருந்து பழகட்டும்க்கா. பழகிட்டா ஒங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி அண்ணன்கிட்ட" என்றாள். வாசலில் குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். டெனிஷா தலையாட்டினாள். தாய் பஸ்ஸுக்கு ஓடியபோது அவள் அழவில்லை, பின்னால் ஓடவில்லை. கை கட்டி நின்றாள்.

மார்ஜரிக்குப் பெருமை தாங்கவில்லை. பாருங்கள், நாலு வயசுப் பிள்ளை. போட்டதைச் சாப்பிட்டாள், மிச்சம் வைக்கவில்லை. படு என்றால் படுத்தாள், எழும்பு என்றால் எழும்பினாள். போன் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. எது சொன்னாலும் "சரி டீச்சர்" என்றாள். "பெரியம்மான்னு கூப்பிடும்மா" என்று மார்ஜரி சொன்னதற்கும் "சரி டீச்சர்" என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை, கூச்சம் போனால் தானாகக் கூப்பிடும் என்று மார்ஜரி விட்டுவிட்டாள். பிள்ளை வளர்ப்பில் மாத்தளையையே கண்ணில் விரலை விட்டு ஆட்டியவளுக்கு, தன் வீட்டுக்குள் ஒரு பிள்ளை மூச்சு விடாமல் இருப்பது தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. டெனிஷாவுக்குத் தலை வாரி, ரிபன் கட்டி, கொங்காவெலக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை வளர்ப்பதென்றால் என்னவென்று ஷஸ்னா கண்ணால் பார்க்கட்டும் என்பது எண்ணம். வழக்கம்போலத் தெரு அடங்கியது. ஷிஹாம் ஹோலில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். டெனிஷாவை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் இருவரும் தேத்தண்ணீரோடு எதிரில் உட்கார்ந்தார்கள்.

ஷிஹாம் கொஞ்ச நேரம் டெனிஷாவைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, பிள்ளைகள் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்.

"நீ டீச்சர்ட ஊட்டுலயா இருக்க? ராவைக்கு ஒன்ன ஸ்டூல்ல கட்டி வெப்பாங்களா?"

"நான் நல்ல புள்ளயா இருக்கேன்" என்றாள் டெனிஷா.

"சோறு மிச்சம் வெச்சா?"

"வைக்க மாட்டேன். வச்சாத்தான் இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டுவாங்க."

ஷஸ்னா சிரித்துவிட்டாள். மார்ஜரி கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு டெனிஷா விறைத்து எழுந்து நின்றாள். அவள் காலடியில் பளிங்குத் தரை நனையத் தொடங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. கேட்பதற்குப் பயந்து கேட்காமலே இருந்திருக்கிறாள். நனைந்த கவுனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "தெரியாமப் போயிருச்சு டீச்சர், தெரியாமப் போயிருச்சு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அப்போதும் அழவில்லை.

"யார் சொன்னது இதெல்லாம்?" மார்ஜரியின் குரல் ஷஸ்னாவின் பக்கம் திரும்பியது. "நான் எந்தப் புள்ளைய எப்பக் கட்டி வச்சேன்?"

"ஐயோ டீச்சர், அது சும்மா சொல்லுறதானே" என்றாள் ஷஸ்னா, துடைக்கிற துணியோடு. அவள் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. பாராட்டை எதிர்பார்க்கிற முகம் அது. "நீங்கதானே சொன்னீங்க, வராதத சொல்ல வேணாம்னு? போலீஸ், ஜின், போத்தல்காரன் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். இப்ப ஒங்கட பேர் மட்டும்தான். நீங்கதான் சொன்ன நாளைக்கு கட்டாயம் வாறீங்களே. அவன் கண்ணால காணுறான்தானே. மெய்யாச் சொல்லுறேன் டீச்சர், இந்த லைன்ல எல்லா ஊட்டுலயும் இப்ப அதுதான். 'மார்ஜரி டீச்சர் வர்றாங்க'ன்னு சொன்னாப் போதும், புள்ளைகள் சோத்துக்கு வாயத் தொறந்துரும்."

புத்தி சொல்லப் போன இடத்தில் புத்தி இப்படித்தான் விளங்கிக்கொள்ளப்படும். அடிக்காதே என்றால் கிள்ளுவார்கள், கத்தாதே என்றால் பல்லைக் கடிப்பார்கள், பொய்யான பூச்சாண்டி வேண்டாம் என்றால் உண்மையான பூச்சாண்டி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சோம்பேறிக் கூட்டம். ஷஸ்னாவை நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்று மார்ஜரிக்கு வாய் துடித்தது. ஆனால் காதில் விழுந்தது அவளுடைய சொந்தக் குரல்தான். வியாழக்கிழமை நான் வருவேன்னு சொல்லி வைங்க. அந்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னது யார்? நடையைத் தளர்த்தி, சத்தம் அடங்குவதை ரசித்துக்கொண்டு போனது யார்?

வீட்டுக்கு வரும் வழியில் டெனிஷாவிடம் கேட்டாள். "ஒனக்கு யாரும்மா சொன்னா, நான் கட்டிப் போடுவேன்னு?"

"அம்மா."

வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

அன்று பின்னேரம் மார்ஜரி செய்த காரியத்தை நினைத்தால் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாது. குசினி மூலையில் இருந்த ஸ்டூலை முற்றத்துக்குக் கொண்டுபோனாள். விறகு கொத்துகிற கத்தியை எடுத்தாள். "பாரும்மா, இனி ஸ்டூலே இல்ல, பெரியம்மா ஒடைச்சுப் போடுறேன்" என்று ஓங்கி ஓங்கிக் கொத்தினாள். பிள்ளைக்கு அன்பு காட்டுகிற அழகு அது. தலைமுடி அவிழ்ந்து, வியர்த்து, கையில் கத்தியோடு அவள் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் பிள்ளையைக் காணவில்லை. வீடெல்லாம் தேடிக் கடைசியில் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடப்பதைக் கண்டாள். வெளியே வா என்று சொன்னதும் உடனே வந்தாள். சொன்னால் கேட்கிற பிள்ளைதானே.

மறுநாள் மார்ஜரி நூடில்ஸ் வாங்கி வந்தாள். கிறீம் பிஸ்கட், சொக்லட் வாங்கி வந்தாள். போனில் கார்ட்டூன் போட்டு மடியில் வைத்தாள். பத்து வீட்டில் பிடுங்கி எறியச் சொன்ன அத்தனையையும் தன் வீட்டில் கொண்டுவந்து குவித்தாள். டெனிஷா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ டீச்சர்" என்றாள். சொக்லட்டைச் சாப்பிடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அது உருகி மணிக்கட்டு வரை வழிந்தபோது, மார்ஜரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மார்ஜரி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள், அந்தச் சத்தத்துக்கும் பிள்ளை பயந்துவிடும்.

அந்த வாரம் முடிந்து ரொஷானி வந்தாள். நோபர்ட்டின் ஓட்டோவில், நோபர்ட்டோடு வந்தாள். அவன் ஓட்டோவுக்குள்ளேயே ஒரு பைக்கட் கிழங்குப் பொரியலைத் திறந்து தின்றுகொண்டு வந்திருந்தான், சட்டை முழுக்கத் தூள். "என்னாடி குட்டி!" என்று அவன் கையை விரித்ததுதான் தாமதம், டெனிஷா பறந்துபோய் அவன் தொந்தியில் விழுந்தாள். அந்தக் கிழமையில் முதல் தடவையாக அவளுடைய குரல் மார்ஜரியின் வீட்டில் உரக்கக் கேட்டது. பொரியல் கேட்டாள், போன் கேட்டாள், ஒண்ணுக்குப் போகவேண்டும் என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

ரொஷானி கொடியில் காய்ந்துகொண்டிருந்த கவுன்களைப் பார்த்தாள். எண்ணிக்கை அதிகமாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே சொல்லி வச்ச!" என்றாள் மார்ஜரி, அவள் கேட்பதற்கு முன்பே. "கட்டிப் போடுவேன், இருட்டுல பூட்டுவேன்னு புள்ள மனசுல வெசத்தை வச்சது நீதானே?"

"நான்தான்க்கா." ரொஷானி தலை குனியவில்லை. "விடியக்காலம் பெரட்டுல பேர் குடுக்க ஓடணும். புள்ள சோத்தை வாயில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஒங்க பேரைச் சொன்னா முழுங்கிரும். எனக்கு வேற என்னா தெரியும்? நான் சின்னதுல சாப்பிடாட்டி நீங்க கங்காணியக் கூப்பிடுவேன்னு சொல்லுவீங்க. நான் ஒங்களச் சொன்னேன்."

"எங்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் விடு. பழகிரும். நான் மாத்திருவேன்."

"மாத்திருவீங்க, எனக்குத் தெரியும். ஆனா அது வரைக்கும் அது ஒண்ணுக்குப் போகக்கூடக் கேக்காம நிக்கும். நான் அங்க ஒரு வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு, இதை நெனைச்சுக்கிட்டு எப்பிடிக்கா இருப்பேன்?"

வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்லுகிற மார்ஜரி உள்ளே போய் வண்ணத்துப்பூச்சி வலையைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்து, நோபர்ட்டின் ஓட்டோவில் வைத்தாள். "ஒங்க வீட்டுல நுளம்பு ஜாஸ்தி" என்றாள். நோபர்ட் பொரியல் வாயோடு தலையாட்டினான். தான் எதை ஜெயித்திருக்கிறான் என்பதுகூட அந்தச் சோம்பேறிக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரமே, ரொஷானியை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போகும் வேன் மார்ஜரியின் வீட்டுக்கே வந்தது. ஏஜென்சிக்காரன் இன்னும் சில பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவர்கள் எல்லோரும் வீட்டில் அழுது முடித்து, முகம் வீங்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை ஏற்றும்வரை டெனிஷா சும்மா இருந்தாள். அம்மா காலை வேன் படியில் வைத்ததும்தான் விஷயம் விளங்கியது. ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்தது. நோபர்ட் இழுத்துப் பார்த்தான். உதைத்தாள். போனை நீட்டினான். தட்டிவிட்டாள், போன் பறந்துபோய்த் தெருவோரத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. "குட்டி, மாமா கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், ஐஸ்கிறீம், ஐஸ்கிறீம்" என்று அவன் தொண்டை கிழிந்தது. அவனுடைய வித்தை அவ்வளவுதான்.

டிரைவர் ஹோர்ன் அடித்தான். "அக்கே, யன்ன ஓனே" என்று ஏஜென்சிக்காரன் சிங்களத்தில் அவசரப்படுத்தினான். ரொஷானி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. அவளும் அழுதாள். "என்னால ஏலாது, நான் போகல" என்றாள். போகாவிட்டால் எல்கடுவ லயமும், வராத புருஷனும், பிள்ளையின் வயிறும் அப்படியே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரொஷானி அழுகையினூடே தலையைத் தூக்கி, வாசல்படியில் நின்ற அக்காவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கேள்வி ஒன்றுதான் இருந்தது. மார்ஜரிக்கு அது விளங்கியது.

இந்தச் சில நாட்களில் அவள் பிள்ளையிடம் சேர்த்திருந்தது என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்: அன்று காலையில் தலை வாரும்போது டெனிஷா முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டு அவள் கைக்குத் தலையைக் கொடுத்திருந்தாள். அவ்வளவுதான். மார்ஜரி அதைக் காலையிலிருந்து மனதில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வரும், திருவிழாவுக்குப் போய்ப் பார்க்கலாம், வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுபோகலாம், ஒருநாள் பெரியம்மா என்று கூப்பிடும்.

படியிலிருந்து இறங்கினாள். குடையைக் கையில் எடுத்தாள். கொங்காவெலத் தெருவில் நடக்கும் நடையில் வேனடிக்கு நடந்தாள். அந்தத் தெருவுக்கான முகத்தையே வைத்துக்கொண்டாள்.

"டெனிஷா."

கத்தவில்லை. அவள் ஒருபோதும் கத்தியதில்லை.

"அம்மாவ விடு."

அழுகை பாதியில் நின்றது. விரல்கள் தாமாகக் கழன்றன. டெனிஷா ஒரு தரம் மார்ஜரியைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் நோபர்ட்டின் தொந்தியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேனின் கதவு சறுக்கி மூடியது. உள்ளிருந்து ரொஷானி கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டே போனாள். அவள் மகளைப் பார்த்தாளா, அக்காவைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது.

தெருவில் நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். "டீச்சர்னா டீச்சர்தான்" என்று ஒருத்தி சொன்னாள்.

நோபர்ட் கானுக்குள் இருந்து போனை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். ஏறுவதற்கு முன்னால் அக்காவிடம் வந்து தலையைச் சொறிந்தான். அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. அவனுக்கு உதிக்கிற யோசனைகள் இந்த மாதிரித்தான் இருக்கும்.

"யக்கா, ஒன் பேச்சுக்கு மட்டும்தான் இது அடங்குது. அங்க வீட்டுல அடம் புடிச்சா ஒன் பேரைச் சொல்லிக்கவா? டீச்சர் வர்றாங்கன்னு?"

மார்ஜரி ஓட்டோவுக்குள் பார்த்தாள். பிள்ளை மடித்த நுளம்புவலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

"வர மாட்டேன்னு சொல்லு" என்றாள். "டீச்சர் இனிமே வரவே மாட்டாங்கன்னு சொல்லு. தூங்கப் போறப்ப தெனம் சொல்லு."

"அதுக்கு என்னா, சொன்னாப் போச்சு" என்று நோபர்ட் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

பிள்ளையிடம் ஒன்று சொன்னால் அது நடக்க வேண்டும். அந்த ஜூனில் வஹகோட்டைத் திருவிழாவுக்கு மார்ஜரி போகவில்லை.